இறுக்கமாக

மாசி பிறந்து ரப்பர் துளிர்த்தால்
மார்த்தாண்டத்தில் தேன் வரத்து.
தகரக் கூரைக்குக் கீழே
நான்கு மேசை, ஒரு வடிகட்டி, ஒரு தராசு.
மூடி போடும் இடத்தில் வில்பிரட்.
வயது முப்பத்தொன்று, முதல் வேலை.
அவனுக்குப் பின்னால் முக்காலியில் நான்.
என் வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது,
படிவத்தில் 'உடனிருப்பவர்' என்று எழுதுகிறேன்.
எட்டு வாரம் உடனிருக்கலாம்.
அதற்குமேல் இருந்தால்
எனக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

குழித்துறைப் பயிற்சி மையத்தில் ஆறு மாதம்
வெறும் குப்பிகளில் பழகினோம்.
தண்ணீர் ஊற்றி, மூடி, திறந்து, கவிழ்த்து, ஊற்றி.
"இறுக்கமா மூடணும்" என்று
நாளுக்கு நூறு தரம் சொன்னது நான்தான்.

மூன்றாம் வாரம் நாகர்கோவில் கடையிலிருந்து
இரண்டு பெட்டி திரும்பி வந்தது.
தேன் நல்ல தேன். திறக்கத்தான் முடியவில்லை.
முதலாளி நேசையன் ஒரு குப்பியை எடுத்து
வேட்டி முனையால் பிடித்துத் திருகினார்,
வெந்நீரில் முக்கித் திருகினார்,
முகம் சிவந்து என்னிடம் நீட்டினார்:
"இதுக்குத்தான் நான் அன்னைக்கே யோசிச்சேன்."
வில்பிரட் இடையில் வாங்கி
ஒரே திருகில் திறந்து காட்டினான்.
மறுபடி மூடினான்.
இறுக்கமாக.
லிஸ்பெத் சிரித்த சிரிப்பில்
லேபிள் தலைகீழாக ஒட்டிக்கொண்டது.

அன்று இரவு படிவத்தில்
'பயிலுநரின் குறைபாடு' என்ற கட்டத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் கை என் சொல்லைக் கேட்டிருக்கிறது,
அவ்வளவுதான்.
இறுக்கம் எங்கே முடியும் என்று
நான் சொல்லவே இல்லை.
எனக்கும் அது தெரிந்ததில்லை.

மறுநாள் நகப்பூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.
மூடியில் ஒரு சிவப்புப் புள்ளி,
குப்பியின் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
ரெண்டும் நேரே வந்தா கைய எடு.
எடுத்தான்.
நாற்பது குப்பிக்குப் பிறகு
என்னைத் திரும்பிப் பார்க்காமலே எடுத்தான்.
வார முடிவில் பார்த்தால்
சுபைதாவும் தன் குப்பிகளுக்குப்
பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

சம்பளத்தில்தான் தகராறு.
"பழகுற பயல்தானே, வண்டிக்கூலி மாதிரி ஏதாவது"
என்றவர் முன்னால்
நான் ஒப்பந்தத் தாளைத் தேடி எடுப்பதற்குள்
வில்பிரட் தன் கவரை மேசையில் கொட்டினான்.
கணக்கு அவனுக்கு ஓடாது. நிறம் தெரியும்.
"லிஸ்பெத்துக்கு மஞ்ச நோட்டு உண்டு.
எனக்கு இல்ல.
குப்பி ஒண்ணுதானே?"
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
எங்கிருந்தோ வந்த ஒரு தேனீ
தராசுத் தட்டில் நடந்தது.
பார்ப்போம் என்றார் நேசையன்.
அடுத்த சனியும் பார்ப்போம் என்றார்.
அதற்கடுத்த சனி
கவருக்குள் எட்டிப் பார்த்த வில்பிரட்
ஒன்றும் சொல்லாமல்
சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.
மஞ்சளா என்று நான் கேட்கவில்லை.
அது அவன் சம்பளம்.

முக்காலியை வாசலுக்கு நகர்த்தினேன்.
பிறகு எதிர்ச்சாரி டீக்கடைக்கு நானே நகர்ந்தேன்.
கடைசி நாள், மேம்பாலத்துத் தூணுக்குப் பின்னால் நின்று
கருங்கல் பஸ்ஸிலிருந்து அவன் இறங்குவதை,
இரண்டு பக்கமும் பார்ப்பதை,
ஒரு பைக்கை விட்டுவிட்டுக் கடப்பதைப் பார்த்தேன்.
பாதி ரோட்டில் கண்டுபிடித்துவிட்டான்.
"டீச்சர், நேரமாச்சு. உங்களுக்கு வேல இல்லியா?"

இருந்தது.
அழகியமண்டபத்தில் ஒரு செருப்புக்கடை,
கணக்கெழுத வரப்போகிற ஜெனோபியாவுக்குச் சக்கர நாற்காலி,
கடை வாசலில் மூன்று படி.
படியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

திரும்பி வந்த குப்பிகளில் ஒன்றை
அப்போதே காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.
அடுக்களை அலமாரியில் இருக்கிறது.
வீட்டில் எல்லோரும் முயன்றாயிற்று.
இன்னும் திறக்கவில்லை.